மொந்தெலானா திரையில் மண்டியிட்ட மனிதர்

மலையுச்சியில் பதவி ஏற்றும் மண்ணிலிருந்து கால் எடுக்காத மேயர், இந்த விழாவின் தலைவி, தொமித்தில்லா அம்மையார் அவர்களே. ஞாயிறுதோறும் பிரசங்கத்தைச் சுருக்கி முடித்து, என் கடைக் காப்பி ஆறிவிடாமல் காக்கும் கருணைக் கடல், பங்குத் தந்தை கெல்சோ அடிகளார் அவர்களே. முன்வரிசையில் முழங்காலுக்குக் கம்பளி போர்த்தி, முகத்துக்குப் புன்னகை போர்த்தி வீற்றிருக்கும் மூத்தோர்களே. மடியில் பிள்ளையையும், மனத்தில் அடுப்பில் வைத்துவிட்டு வந்த பருப்பையும் சுமந்தபடி காத்திருக்கும் தாய்மார்களே. வீட்டு மாடத்தில் சாய்ந்தபடியே விழாவைப் பார்த்துவிடலாம் என்று நினைக்கும் மேல்தெருப் பெருமக்களே. பள்ளத்தாக்கில் பஸ் ஏறி, வளைவுக்கு வளைவு வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்த விருந்தினர்களே. பெல்ஜியத்திலும் அர்ஜென்டினாவிலும் பிறந்து, எங்கள் மூக்கைத் தங்கள் முகத்தில் வைத்துக்கொண்டு திரும்பி வந்திருக்கும் எங்கள் பிள்ளைகளே. உங்கள் அனைவரையும் மொந்தெலானாவின் கல்லும் காற்றும் கைகூப்பி வரவேற்கின்றன. அவற்றின் சார்பில் நானும் வணங்குகிறேன்.

என் பெயர் ஒரேஸ்தே. சதுக்கத்து மூலையில் காப்பிக் கடை வைத்திருப்பவன். காப்பி ஊற்றும் கைக்கு ஒலிபெருக்கி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நானும் மேயரிடம் அதையேதான் கேட்டேன். அவர் சொன்னார்: "ஊர்ல யார் யாரோட பேசுறதில்லைன்னு உனக்குத்தான் தெரியும். அதனால நீதான் பேசணும்." உண்மைதான். பேசிக்கொள்ளாத இருவரையும் ஆளுக்கொரு மூலையில் உட்கார வைத்து, இருவருக்கும் ஒரே சூட்டில் காப்பி கொடுக்க வேண்டியவன் அல்லவா நான்?

என்ன அது, மூன்றாம் வரிசையில் முணுமுணுப்பு? எர்மீனியா அம்மையார் ஏதோ சொல்கிறார். சுருக்கிப் பேச வேண்டுமாம். அம்மையீர், தலைமுடியைச் சுருக்குவது உங்கள் தொழில். சொல்லைச் சுருக்குவது என் தொழில் அல்ல.

அன்பர்களே, எனக்குப் பின்னால் இருக்கும் இந்த நாடக மன்றத்தின் கதவுகள் இன்னும் சற்று நேரத்தில் திறக்கப் போகின்றன. உள்ளே ஒரு திரை தொங்குகிறது. அந்தத் திரை எழும்போது நம் ஊர்க்காரர்களே எழுதி, நம் ஊர்க்காரர்களே நடிக்கும் நாடகம் தொடங்கும். நாடகத்தைப் பற்றி நான் ஒரு சொல்லும் சொல்ல மாட்டேன். சொன்னால் நடிகர்கள் நாளை என் கடைக்கு வர மாட்டார்கள். நான் சொல்ல வந்தது அந்தத் திரையின் கதை. உள்ளூர்க்காரர்கள் பொறுத்தருள்க. வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கு இது தெரிய வேண்டும். தெரியாமல் உள்ளே போனால், படுதா என்று நினைத்து அதைப் பார்த்துவிடுவீர்கள். அது படுதாவா? இல்லை. அது எங்கள் பிறப்புச் சான்றிதழ்.

நான்கு தலைமுறைக்கு முன்னால், எங்கிருந்தோ எங்கேயோ போய்க்கொண்டிருந்த ஓர் ஓவியர் இந்த ஊரில் பனியில் மாட்டிக்கொண்டார். பாதை மூடிவிட்டது. பனி உருகி, கோடைத் திருவிழா முடியும்வரை வீட்டுக்கு வீடு அவருக்கு உணவு போட்டார்கள். அப்போதுதான் இந்த மன்றத்தைக் கட்டி முடித்திருந்தார்கள். வெள்ளைத் துணியாகத் தொங்கிக்கொண்டிருந்த திரையைப் பார்த்த ஓவியருக்குக் கை அரித்தது. மற்ற ஊர்த் திரைகளில் என்ன வரைவார்கள்? தேரில் வரும் தேவர்களை வரைவார்கள். முடி சூடிய மன்னர்களை வரைவார்கள். இவர் யாரை வரைந்தார்? ரொட்டி சுட்டவளை வரைந்தார். ஆடு மேய்த்தவனை வரைந்தார். கம்பளி நூற்றவளை, கல் உடைத்தவனை, சண்டைக்காரியை, சாமியாரை, சதுக்கத்து நாயை வரைந்தார். திருவிழா நாளில் இந்தச் சதுக்கத்தில் கூடி நின்ற ஊரை, முகத்துக்கு முகம், மூக்குக்கு மூக்கு, அப்படியே அந்தத் துணியில் நிறுத்திவிட்டுப் போய்விட்டார். அவர் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது.

பிறகு போர் வந்தது. போர்முனை இந்த மலைமுகட்டில் வந்து அந்தக் குளிர்காலம் முழுக்க நகராமல் நின்றது. குண்டு விழுந்த அதிர்வில் ஊரில் ஒரு சன்னலிலும் கண்ணாடி மிச்சமில்லை. பனிக்காற்று வீட்டுக்குள் புகுந்து தொட்டிலை ஆட்டியது. பிள்ளைகள் இருமினார்கள். அப்போது சில பெண்கள் கத்தரிக்கோலோடு இந்த மன்றத்துக்குள் நுழைந்தார்கள். வண்ணம் பூசிய துணி, தடித்த துணி, காற்றுப் புகாத துணி. துண்டு துண்டாக வெட்டினார்கள். வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்தார்கள். அந்தக் குளிர்காலத்தில் மொந்தெலானாவின் சன்னல்களில் கண்ணாடிக்குப் பதில் ஓவியம் இருந்தது.

வெட்டியவர்கள் யார்? கலையின் பகைவர்களா? இல்லை. கயவர்களா? இல்லை. கல்வி அறியாதவர்களா? அதுவும் இல்லை. வெட்டியவர்கள் தாய்மார்கள். அந்தச் சன்னல்களுக்குப் பின்னால் பிழைத்த பிள்ளைகளில் சிலர் இதோ இந்த முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், அந்தத் திரை வீணாய்ப் போனதா?

கைதட்டல் போதும், போதும். கதை இனிமேல்தான் இருக்கிறது.

போர் முடிந்தது, கண்ணாடி வந்தது, துணிகள் மறந்து போயின. ஒன்று தொழுவத்துக்குப் போனது. ஒன்று மெத்தைக்கு அடியில் போனது. ஒன்று பெட்டிக்குள் மடிந்து பெல்ஜியச் சுரங்கம்வரை போனது. மன்றம் பூட்டிக் கிடந்தது. உள்ளே புறாக்கள் மட்டும் தினமும் நாடகம் போட்டுக்கொண்டிருந்தன. பூட்டிய கதவைப் பார்த்துப் பார்த்துப் பழகி, அது கதவு என்பதே எங்களுக்கு மறந்து போனது. சுவர் என்றே நினைத்துக்கொண்டோம்.

இந்த ஊர்ப் பெண் ஜில்தா. ரோம் நகரத்து அரங்குகளில் காட்சித் திரைகளை வரைவதும் செப்பனிடுவதும் அவள் வேலை. போன வருடம் விடுமுறைக்கு வந்தவள், முடி வெட்டிக்கொள்ள எர்மீனியாவின் கடைக்குப் போனாள். எர்மீனியா பலோஸ்ஸி, கீழ்த்தெருக்காரர். கத்தரி கூர்மையா நாக்கு கூர்மையா என்று இன்னும் தீர்ப்பாகவில்லை. அந்தக் கடைச் சுவரில் ஒரு பழந்துணி ஆணியில் தொங்கும். அதில் ஒரு பெண். சலங்கை கட்டிய வட்டப்பறையைத் தலைக்கு மேல் உயர்த்திச் சிரிக்கிறாள். இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லை. கழுத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஜில்தா கண்ணாடியில் அதைப் பார்த்தாள்.

"எர்மீனியா அத்தை, அது யாரு?"

"எங்க வீட்டுப் பொம்பள. மூக்கைப் பாத்தா தெரியல? இடுப்புக்குக் கீழ எலி தின்னுடுச்சுன்னு எங்கம்மா சொல்லும்."

ஜில்தா பாதி வெட்டிய தலையோடு எழுந்து போய்த் துணியின் ஓரத்தைத் தடவிப் பார்த்தாள்.

"அத்தை, எலிக்கு இவ்வளவு நேரா வெட்டத் தெரியாது. இது கத்தரிக்கோல்."

அங்கே தொடங்கியது. ரோமுக்குத் திரும்ப வேண்டியவள் திரும்பவில்லை. வீடு வீடாகப் போனாள். "உங்க வீட்ல பழைய வண்ணத்துணி ஏதாவது இருக்கா?" என்று கேட்டாள். தொழுவத்திலிருந்து வந்தது ஒன்று. அதைக் கொடுக்க மனமில்லாமல் பசு ஒரு பக்கம் இழுத்தது. அடிகளாரின் சமையலறையிலிருந்து வந்தது ஒன்று. அதற்குமுன் அது எத்தனை பாதிரியார்களின் உருளைக்கிழங்கை மூடியிருந்ததோ, ஆண்டவனுக்கே வெளிச்சம். பெல்ஜியத்திலிருந்து ஒரு சுரங்கத் தொழிலாளியின் பேரன் பெட்டியோடு வந்து இறங்கினார். இதோ அந்த ஓரத்தில் நிற்கிறார், கூச்சப்படாமல் கையைத் தூக்குங்கள் ஐயா. எங்கள் பேச்சு அவருக்குப் பாதிதான் புரியும். ஆனால் அவர் ஏன் வந்தார் என்பது எங்களுக்கு முழுதாகப் புரிந்தது.

மன்றத்தின் கதவைத் திறந்தோம். புறாக்களிடம் மன்னிப்புக் கேட்டோம். தரையைக் கழுவித் துண்டுகளை விரித்தோம். துணியைக் கொடுக்க வந்தவர்கள் போகவில்லை. தங்கள் வீட்டு மூதாதை எந்த இடத்தில் பொருந்துகிறார் என்று பார்க்க நின்றார்கள். நின்றவர்கள் சும்மா நிற்கவில்லை. ஒருவர் இருக்கையின் ஆட்டத்தைச் சரி செய்தார். ஒருவர் கூரையின் ஒழுகலை அடைத்தார். சுண்ணாம்பு அடித்த கொத்தனார்கள் பாடினார்கள். பாட்டு நன்றாக இருக்கவே அது பாடகர் குழு ஆனது. எதிர்வீட்டுச் சண்டையை ஒருத்தி நடித்துக் காட்டினாள். சிரித்த சிரிப்பில் அது நாடகக் குழு ஆனது. துணியை ஒட்ட வந்தவர்கள் தாங்கள் ஒட்டிக்கொண்டார்கள்.

எல்லாம் பொருந்திவிட்டது. நடுவில் மட்டும் ஒரு பொத்தல்.

சரியாகச் சதுக்கத்தின் மையத்தில், கதவளவு பெரிதாய், ஒன்றும் இல்லாத ஓர் இடம். அந்தத் துண்டு யாரிடம் இருக்கிறது என்று ஊருக்கே தெரியும். மேல்தெரு உபால்தோ செரிதெல்லி. ஆட்டுப்பாலில் பாலாடைக்கட்டி செய்கிறவர். அவர் கட்டியைத் தின்றவர்கள் வேறு கட்டியைத் தொட மாட்டார்கள். அவரிடம் பேசியவர்கள் மறுபடி பேசவும் மாட்டார்கள்.

உபால்தோ, நீர் முறைக்க வேண்டாம். நேற்று உம்மிடம் அனுமதி கேட்டுத்தான் வந்திருக்கிறேன். நீர் சொன்ன நிபந்தனையையும் சபைக்குச் சொல்லிவிடுகிறேன்: "சொல்றதுன்னா முழுசாச் சொல்லு. என்னை நல்லவனாக் காட்டாத." அப்படியே ஆகட்டும்.

ஜில்தா அவர் பால்கூடத்துக்குப் போனாள்.

"உபால்தோ மாமா, உங்க துண்டு மட்டும்தான் பாக்கி."

"துண்டா? இரு, வெட்டித் தரேன். தின்னுட்டுப் போ."

"கட்டி இல்ல மாமா. துணி."

"எங்க வீட்ல துணி இல்ல."

"உத்தரத்துல சுருட்டிக் கட்டி வச்சிருக்கீங்களே, அது?"

"அது சாக்கு."

"சாக்குல யாராவது செவப்பு வண்ணம் அடிப்பாங்களா?"

"என் சாக்கு. நான் என்ன வேணா அடிப்பேன்."

கதவு சாத்தப்பட்டது. மேயர் போனார், சாத்தப்பட்டது. அடிகளார் போனார், அவருக்கு மட்டும் ஒரு கட்டி கொடுத்துவிட்டுச் சாத்தப்பட்டது.

என் கடையில் ஆளுக்கொரு ஊகம். அந்தத் துண்டில் புதையல் வரைபடம் இருக்கிறது என்றார் ஒருவர். செரிதெல்லிப் பூட்டன் ஆடு திருடி மாட்டிக்கொண்ட காட்சி என்றார் இன்னொருவர். சிரித்தோம். ஆனால் அந்தச் சிரிப்பு நெடுநாள் நிற்கவில்லை. ஒரு காலையில் ஒரு குடும்பம் மன்றத்துக்கு வந்து, "அவன் தரலைன்னா நாங்க மட்டும் இளிச்சவாயனுங்களா?" என்று தங்கள் துண்டைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனது. மாலையில் இன்னொரு குடும்பம். மறுநாள் பாட்டுக் குழுவில் மேல்தெரு ஆட்கள் வரவில்லை. ஒட்டிய ஊர் ஓரம் பிரியத் தொடங்கியது. தையல் விட்ட திரையின் நடுவே ஜில்தா தரையில் உட்கார்ந்திருந்தாள். அன்று நான் கொண்டுபோன காப்பியை அவள் தொடவில்லை.

பொத்தலில் ஊர்ச் சின்னத்தை வரைந்துவிடலாம் என்றார் மேயர். காவல் புனிதரை வரையலாம் என்றார் அடிகளார். ஜில்தா சொன்னாள்: "எனக்குத் தெரியாததை நான் எப்படி வரையிறது? பொத்தலாவே தொங்கட்டும். பொய்யா ஒண்ணும் வரைய மாட்டேன்."

அப்போதுதான் எர்மீனியா கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். வெளியூர் அன்பர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பலோஸ்ஸிக் குடும்பமும் செரிதெல்லிக் குடும்பமும் போர்க்காலத்திலிருந்து பேசிக்கொள்வதில்லை. காரணம் யாருக்கும் தெரியாது. காரணம் தெரியாத பகைக்கு ஆயுசு அதிகம். தெரிந்த பகையைப் பேசித் தீர்க்கலாம், தெரியாத பகையை எங்கே பிடித்துத் தீர்ப்பது? அந்த எர்மீனியா மேல்தெரு ஏறி, பால்கூடத்துப் படியில் நின்றார்.

"உள்ள வரலாமா?"

"வந்துட்டு கேக்குற."

"உன் துணியக் கேக்க வரல. எங்க துணியப் பாக்கக் கூப்பிட வந்தேன்."

"எதுக்கு?"

"படத்துல இருக்கிற அத்தனை பேரும் உன் துண்டு இருக்க வேண்டிய எடத்தையே பாத்துட்டு நிக்கிறாங்க. ஏன்னு தெரியல. நீயாவது வந்து சொல்லு."

ஊர் உண்டு உறங்கும் பிற்பகலில் உபால்தோ வந்தார். அந்த நேரத்தில்தான் யாரும் பார்க்க மாட்டார்கள் என்று வந்தார். ஆனால் காப்பிக் கடைக்காரன் என்றைக்கு உறங்கினான்? நானும் தட்டோடு உள்ளே இருந்தேன்.

அவர் தரையில் விரித்திருந்த திரையைச் சுற்றி நடந்தார். தொப்பியைக் கழற்றினார். மறுபடி போட்டுக்கொண்டார். ரொட்டி சுட்டவள் பொத்தலைப் பார்க்கிறாள். கல் உடைத்தவன் பொத்தலைப் பார்க்கிறான். நாயும் அங்கேதான் பார்க்கிறது. எல்லார் வாயிலும் சிரிப்பு. உபால்தோவின் முகம் கறுத்தது.

"எல்லாரும் சிரிக்கிறானுங்க."

"ஆமா மாமா. எவ்வளவு அழகாச் சிரிக்கிறாங்க."

"எங்க பூட்டனப் பாத்துச் சிரிக்கிறானுங்க. அன்னைக்கும் ஊரே கூடி நின்னு சிரிச்சிருக்கு. எங்கப்பன் சொன்னது சரிதான்."

எர்மீனியா இடுப்பில் கையை வைத்தார். "அப்படி என்னதான் பண்றாரு உங்க பூட்டன்?"

வாய் தவறியதா, வயிறு எரிந்ததா, தெரியாது. ஆண்டாண்டு காலமாய் அந்த வீடு பூட்டி வைத்திருந்தது வெளியே வந்துவிட்டது.

"மண்டி போட்டுட்டு கெடக்காரு. போதுமா? ஒரு பொம்பள கால்ல கெடக்காரு. அவ எட்டி உதைக்கக் காலைத் தூக்குறா. பண்ணைக்காரங்க வயல்ல எங்க ஆடு மேஞ்சிடுச்சாம். பண்ணைக்காரியம்மா கால்ல விழுந்து கெஞ்சினாராம். அதைப் போயி அந்தப் படம் வரையிறவன் நடு மையத்துல போட்டு வச்சுட்டான். சாவுற வரைக்கும் எங்கப்பன் அந்தத் துணிய விரிக்க விடல. எரிக்கவும் மனசு வரல, பெத்தவங்களப் பெத்தவராச்சே."

 நான் தட்டைத் தரையில் வைத்தேன். சபையோரே, அவமானம் என்பது எவ்வளவு கனம் தெரியுமா? எழுதியவன் இல்லை, பேசியவன் இல்லை, பார்த்தவனும் இல்லை. ஆனாலும் தகப்பன் தோளிலிருந்து மகன் தோளுக்கு அது இறங்கிக்கொண்டே இருக்கிறது. அந்த மனிதர் ஏன் யார் முகத்தையும் நேராய்ப் பார்க்க மாட்டார் என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது. நாங்கள் அதைத் திமிர் என்று நினைத்திருந்தோம்.

எர்மீனியா மெதுவாகக் கேட்டார். "கெஞ்சினாருன்னு யார் சொன்னா?"

"எங்கப்பன்."

"உங்கப்பனுக்கு யார் சொன்னா?"

"பாத்தாலே தெரியுது."

ஜில்தா எழுந்து நின்றாள். "மாமா, அந்தப் பொம்பள என்ன கட்டியிருக்கா?"

"பாவாடை. செவப்புப் பாவாடை, ஓரத்துல பச்சைப் பட்டை. தூக்கின காலு. அவ்வளவுதான் தெரியும். மேல வெட்டிட்டாங்க. எங்க பூட்டனுக்கும் ரெண்டு கையையும் முழங்கையோட வெட்டிட்டாங்க."

"பண்ணைக்காரி பச்சைப் பட்டை போட்ட பாவாடை கட்டுவாளா?" என்றார் எர்மீனியா. "அது நம்ம ஊர்ப் பொம்பளைங்க திருவிழாவுக்குக் கட்டுறது. சரி, அவர் ஒத்தக் கால்ல மண்டி போட்டிருக்காரா, ரெண்டு கால்லயா?"

"ஒத்தக் கால்ல."

"முதுகு?"

"நிமிந்துதான்."

"கெஞ்சுறவன் எவன் நெஞ்ச நிமித்திட்டுக் கெஞ்சுவான்? உபால்தோ, உன் தங்கச்சி கல்யாணத்துல நீ என்ன பண்ணின?"

"என்ன பண்ணேன்?"

"இந்தச் சதுக்கத்துல, நடுவுல, ஒத்தக் கால மடக்கி உக்காந்தியே. பொண்ணு உன்னைச் சுத்திச் சுத்தி வந்தாளே. எங்களை அழைக்கல, ஆனா நான் சன்னல்ல இருந்து பாத்தேன். ஊரே கை தட்டுச்சு. அன்னைக்கு நீ யார்கிட்ட கெஞ்சின?"

உபால்தோ பொத்தலை இன்னொரு முறை குனிந்து பார்த்தார். தொப்பியைக் கழற்றி மார்போடு பிடித்துக்கொண்டு வெளியே போய்விட்டார். கதை முடிந்தது, இனி கதவே திறக்காது என்று நான் நினைத்தேன். ஜில்தாவும் அப்படித்தான் நினைத்தாள். எர்மீனியா மட்டும் நாற்காலியை இழுத்துப் போட்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்தார்.

வந்தார் அன்பர்களே. மேல்தெருச் சரிவில் இறங்கி வந்தார். பாலாடைக்கட்டி வடிகட்டும் துணியில் சுற்றி, குழந்தையைத் தூக்குவதுபோல் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தார். யாரையும் தொட விடவில்லை. தானே குனிந்து, தானே விரித்து, தானே நகர்த்தி, அந்தப் பொத்தலில் பொருத்தினார்.

பாவாடைக்கு மேலே பறையடிக்கும் பெண் வந்து பொருந்தினாள். எர்மீனியாவின் மூக்கு, எர்மீனியாவின் சிரிப்பு. உதைக்கத் தூக்கிய கால் என்று நினைத்தது துள்ளலில் தூக்கிய கால். பெல்ஜியத்திலிருந்து வந்த துண்டில், ஆள் இல்லாமல் கைக்குட்டையை உயர்த்திய ஒரு கை இருந்தது; யார் கை என்று எத்தனை நாள் தலையைப் பிய்த்துக்கொண்டோம். அது அவர் வலக்கை. அடிகளாரின் உருளைக்கிழங்குத் துணியில் விரலைச் சொடுக்கும் ஒரு கை. அது அவர் இடக்கை. துருத்திப் பெட்டிபோன்ற அக்கார்டியனை மார்பில் மாட்டியவர் அவரைப் பார்த்து வாசிக்கிறார். இந்தச் சிரிப்பெல்லாம் ஏளனமா? இந்தக் கைகளெல்லாம் சுட்டிக் காட்டும் கைகளா? இல்லை, தட்டும் கைகள். திருவிழா நாளில், சதுக்கத்தின் நடுவில், ஊரிலேயே நன்றாக ஆடுகிற ஒருவன், எங்கள் மலையின் சால்தரெல்லா ஆட்டத்தில், ஒற்றைக் காலை மடக்கி அமர்ந்திருக்கிறான். அவனைச் சுற்றி ஒரு பெண் சுழல்கிறாள். ஓவியர் அந்தத் திரையின் மையத்துக்கு, மன்னனை அல்ல, மகானை அல்ல, அந்த ஆட்டக்காரனைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்.

உபால்தோ தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஆடுறாரு," என்றார்.

ஜில்தாவைப் பார்த்தார். "ஆடுறாரு."

என்னைப் பார்த்தார். "ஒரேஸ்தே, அவர் ஆடுறாருடா."

பிறகு முகத்தைத் தொப்பியில் புதைத்துக்கொண்டார். "எங்கப்பன் பாக்காமப் போய்ட்டானே."

எர்மீனியா அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.  அப்புறம் உபால்தோவே சொன்னார்: "எங்கப்பன் கையில அந்தத் துண்டக் குடுத்தது உங்க பெரியத்தைதான். குடுக்கும்போது சிரிச்சாளாம். அதுலேர்ந்துதான் உங்க வீட்டோட பேசுறதில்ல."

"அவ எதுக்குச் சிரிச்சான்னு உங்கப்பன் கேட்டாரா?"

"கேக்கல."

"வெட்டுறதுக்கு முன்னாடி முழுத்திரையப் பாத்தவடா அவ. உன் தாத்தா ஆடுறாரு, பத்திரமா வச்சுக்கன்னு சிரிச்சிருப்பா."

உபால்தோ தொப்பியிலிருந்து முகத்தை எடுத்தார். "உங்க வீட்டு ஆளுங்க சிரிச்சா யாருக்குப் புரியுது? பல்ல மட்டும் காட்டுவீங்க, காரணத்தக் காட்ட மாட்டீங்க."

"இனிமே சிரிக்கும்போது காரணத்தையும் சொல்லிட்டே சிரிக்கிறேன். போதுமா?"

அதுதான் அந்த இரண்டு குடும்பங்களும் கையெழுத்திட்ட சமாதான உடன்படிக்கை. சாட்சி நான். முத்திரை, ஆறிப்போன மூன்று கோப்பைக் காப்பி.

அன்று மாலைக்குள் செய்தி ஊரெல்லாம் ஓடியது. யார் சொன்னார்கள் என்று கேட்காதீர்கள். துண்டுகளைச் சுருட்டிக்கொண்டு போன குடும்பங்கள் பின்வாசல் வழியாகக் கொண்டுவந்து வைத்துவிட்டு, என்றுமே எடுக்காதவர்கள்போல் முன்வாசல் வழியாக உள்ளே வந்தார்கள். நாங்களும் கவனிக்காதவர்கள்போல் வரவேற்றோம். பாட்டுக் குழு முழுக் குரலில் பாடியது.

கோடைத் திருவிழாவில் அக்கார்டியன் ஒலித்தபோது, உபால்தோ தொப்பியை என்னிடம் கொடுத்துவிட்டுச் சதுக்கத்தின் நடுவுக்குப் போனார். எர்மீனியாவுக்கு முன்னால் ஒற்றைக் காலை மடக்கி அமர்ந்தார். எர்மீனியா அவரைச் சுற்றி வந்தார். கண்கொள்ளாக் காட்சி. ஒரே சிக்கல், அமர்ந்தவர் எழவில்லை. முழங்கால் பிடித்துக்கொண்டது. எர்மீனியா சுற்றிய சுற்றில் அவருக்கே தலை சுற்றியது. கடைசியில் இரண்டு கொத்தனார்கள் வந்து அவரைத் தூக்கி நிறுத்தினார்கள். ஊரே சிரித்தது. உபால்தோவும் சிரித்தார். முழுசாகச் சொல் என்றீரே, சொல்லிவிட்டேன்.

பெருமக்களே, இந்த ஊரைப் பற்றி வெளியே என்ன சொன்னார்கள்? முடிந்த ஊர் என்றார்கள். மூடிய ஊர் என்றார்கள். படம் எடுத்துக்கொண்டு போகலாம், பாயை விரித்துப் படுக்க முடியாது என்றார்கள். நான் கேட்கிறேன்: வீட்டுக்கு வீடு ஒரு துண்டு வைத்திருக்கிற ஊர் எப்படி முடிந்த ஊராகும்? ஒருவன் கையில் காலும், ஒருத்தி கையில் முகமும், எல்லை கடந்து போனவன் பெட்டியில் கைக்குட்டையும் இருந்த ஊர் இது. நாங்கள் ஏழைகளாக இருந்தோமா? இல்லை, பிரிந்து கிடந்தோம். நாங்கள் ஊமைகளாக இருந்தோமா? இல்லை, பக்கத்து வீட்டில் கேட்காமல் இருந்தோம். கேட்டோம், கதவு திறந்தது. கேட்டோம், துணி வந்தது. கேட்டோம், இதோ நீங்கள் வந்திருக்கிறீர்கள். கற்சுவர்கள் மட்டுமா நமது பாரம்பரியம்? கைதட்டிச் சிரிக்கும் இந்த முகங்கள் நமது பாரம்பரியம். திருவிழா நாளில் நடுச் சதுக்கத்தில் ஒருவன் ஆடினால், ஊரே திரும்பி அவனைப் பார்க்கும் அந்தப் பார்வை நமது பாரம்பரியம்.

ஜில்தா ரோமுக்குத் திரும்பிப் போகப் போவதில்லை என்பது நேற்று உறுதியானது. கைதட்டுங்கள், தாராளமாகத் தட்டுங்கள், இதற்குச் சுருக்கம் தேவையில்லை. அவள் செய்யப் போவதைச் சொல்கிறேன். பழைய திரைக்குப் பின்னால் இன்னொரு திரை தொங்குகிறது. வெள்ளைத் திரை. ஒரு புள்ளிகூட இல்லை. நாளையிலிருந்து அதில் அவள் நம்மை வரையப் போகிறாள். இன்று உயிரோடிருக்கும் நம்மை. மேயர் உண்டு, அடிகளார் உண்டு, பஸ்ஸில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தவர்களும் உண்டு. அழகாக வரைவாயா என்று கேட்டேன். "இருக்கிற மாதிரி வரைவேன்" என்றாள். எனவே, தாய்மார்களே, இன்றிரவு சண்டை போட்டுக்கொண்டு தூங்காதீர்கள். நாளை முகத்தில் தெரியும்.

இன்று காலை உபால்தோ மன்றத்துக்கு வந்து அந்த வெள்ளைத் துணியின் முன்னால் நின்றார். நானும் இருந்தேன்.

"மாமா, உங்களை எங்க வரையட்டும்? மேல்தெருக்காரங்க பக்கத்துலயா?" என்று ஜில்தா கேட்டாள்.

அவர் துணியின் ஓரத்தை விரலால் தடவினார். பிறகு சொன்னார்: "எங்க வேணா வரை. ஆனா எர்மீனியாவுக்குப் பக்கத்துல, நெருக்கமா வரை. நாளைக்கு மறுபடி ஒரு குளிர்காலம் வந்து யாராவது வெட்டுறதா இருந்தா, நாங்க ரெண்டு பேரும் ஒரே துண்டுல வரணும்."

எர்மீனியா அம்மையார் தலையைக் குனிந்துகொள்கிறார். நாக்குக்கு ஓய்வு கிடைத்த முதல் நாள் இது.

துணி தந்த வீடுகளுக்கும், துணிந்து வந்த மனங்களுக்கும், இத்தனை நேரம் என் குரலைப் பொறுத்துக்கொண்ட உங்கள் காதுகளுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. கதவு திறக்கிறது. நெருக்காமல், ஒருவருக்கொருவர் வழி விட்டு, உள்ளே வாருங்கள். வணக்கம்.